குவாமேயின் பெட்டி

ஷார்ஜா பஸ்ஸில், பின்சீட்டில் இருந்த இருவரின் பேச்சிலிருந்து நான் தெரிந்துகொண்டவை:

1. மூத்தவர் ஒரு கால்பந்து கிளப்பில் ஜெர்சி துவைக்கிறார்.
2. கானாவிலிருந்து வந்த குவாமே அங்கே ஆடுகிறார். முழங்காலில் அடிபட்டதால் இந்த சீசன் பாதிக்கு மேல் ஆடவில்லை.
3. நேற்று மேனேஜர் போனில், "குவாமே கலாஸ்" என்றார். அரபியில் கலாஸ் என்றால் 'முடிந்தது'.
4. குவாமேக்கு வேலை போய்விட்டது என்று நினைத்து, மூத்தவர் குவாமேயின் பூட்ஸைத் துடைத்துப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டார்.

"கேட்டுட்டுக் கட்டக் கூடாதாண்ணே?" என்றார் இளையவர்.

"என்னைய பழைய கம்பெனில அனுப்புனப்பவும் கலாஸ்னுதானடா சொன்னாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"பெட்டியப் பாத்துட்டு அப்படியே ஒக்காந்துட்டான். அம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வரேன்னுட்டான். அது சந்தோஷத்துல அழுதுச்சுடா. அவனப் பாத்து நாலு வருஷமாச்சாம்."

"அப்புறம்?"

"மேனேஜர் வந்து சிரிக்கிறாரு. புது கான்ட்ராக்ட் பேசி முடிஞ்சுதாம், அந்தக் கலாஸாம்!"

"ஒன்ன அடிக்கலயா?"

"கட்டிப் புடிச்சுக்கிட்டான். அப்புறம், 'பாய், எங்கம்மாகிட்ட நீயே சொல்லு'ன்னு போன நீட்டுறான். நான் எந்த பாஷைலடா சொல்றது?"

குவாமே அடுத்த சீசனும் இங்கேதான் ஆடுகிறார். அவர் அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.