ஆறு இலைப் பந்தயம்

அம்சம்: நிறுத்துங்க! இன்னொரு மாங்கன்னு ஏத்தாதீங்க. ஏத்தினதையும் இறக்குங்க!

மருதையன்: ஏய் அம்சம்... மெதுவா! வண்டி மேலேர்ந்து குதிக்கிறியே, கால் கீல் பிசகிடப் போவுது.

அம்சம்: கால் பிசகினா கட்டுப் போட்டுக்கலாங்க. மரம் மாறிப்போனா? நாம டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நர்சரி ஆளுங்க வேற பாத்திக் கன்ன ஏத்தியிருக்காங்க.

மதிவாணன்: என்னம்மா சத்தம்? முப்பது வருஷமா பேராவூரணியில நர்சரி வெச்சிருக்கேன். மதிவாணன் கன்னுன்னா...

அம்சம்: நான் கேட்டது நாப்பது இமாம் பசந்த். முன் பாத்தியில நானே பாத்துப் பாத்துப் பொறுக்கினது. இதுல பாதிக் கன்னுக்குக் கொழுந்து செவப்பு, பாதிக்கு வெளிர்பச்சை. எப்படி?

மதிவாணன்: வெயில்ல நின்னது ஒரு நிறம், நெழல்ல நின்னது ஒரு நிறம். அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?

மருதையன்: நான் என்னத்தச் சொல்ல தம்பி... பதினாலு வருஷம் மஸ்கட்ல காஞ்சு வாங்கின ஒரு ஏக்கர். மேட்டுத் திடல், நெல்லுக்குத் தண்ணி ஏறாது. அதான் மா வெக்கிறோம். பலனுக்கு வர அஞ்சு வருஷம். அப்ப போய் பசந்துக்குப் பதிலா மலிவு விலை நீலம் தொங்கிச்சுன்னா... மறுபடி ஃபிளைட் ஏற எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல.

மதிவாணன்: தொங்காதுண்ணே! கொழுந்து நிறத்த வெச்செல்லாம் ரகம் சொல்ல முடியாதும்மா. இலையக் கசக்கி மோந்து பாக்கணும். பசந்துக்கு ஒரு வாசம், நீலத்துக்கு ஒரு வாசம். அதெல்லாம் தோப்புக்காரன் மூக்குக்குத்தான் தெரியும். உங்களுக்கு எங்க...

அம்சம்: எங்களுக்கு எங்கன்னா?

மதிவாணன்: இல்ல... பாபநாசம் பக்கம் நாத்துப் பறிச்ச கைக்கு மா வாசம் எங்க பிடிபடும்னு சொல்ல வந்தேன்.

அம்சம்: அப்படியா? கொண்டாங்க இலைய. ஆறு. எது எந்த மரத்து இலைன்னு உங்களுக்கு மட்டும் தெரியட்டும். நீங்களே கசக்கி நீட்டுங்க. நான் சொல்றேன்.

மருதையன்: அம்சம்! வேணாம். வேணாம்னு சொல்றேன்ல...

அம்சம்: நீங்க சும்மா இருங்க.

மதிவாணன்: அண்ணனுக்கு இப்பவே வேர்க்குதே! ஒண்ணு தப்பினாலும் ஏத்தினது ஏத்தினபடி போகும். சம்மதமா?

அம்சம்: ஆறும் சரியா இருந்தா, நான் பொறுக்கின நாப்பதும் என் வண்டியில. சம்மதமா?

மதிவாணன்: சம்மதம்! பறிச்சாச்சு... இந்தாங்க, முதல் இலை.

அம்சம்: ம்... இமாம் பசந்த்.

மதிவாணன்: குருட்டாம்போக்குல அடிச்சிட்டீங்க. ரெண்டு?

அம்சம்: நீலம்.

மதிவாணன்: மூணு?

அம்சம்: இதுவும் நீலந்தான்.

மருதையன்: தம்பி... சரியா?

மதிவாணன்: சரிதாண்ணே... சரிதான். நாலு?

அம்சம்: கொஞ்சம் கிட்ட காட்டுங்க... பசந்த்.

மதிவாணன்: இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன். ம்... அஞ்சு.

அம்சம்: எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? இப்படித் திரும்பிக் கசக்குங்க.

மதிவாணன்: எந்தப் பக்கம் கசக்கினா என்னம்மா? வாசம் மாறிடுமா?

அம்சம்: மறைவா நாரத்தை இலையச் சேத்துக் கசக்கிட்டீங்கன்னா? வேற இலை எடுங்க. என் கண்ணு முன்னால... ஆங், அப்படி. பசந்த்!

மருதையன்: மாரியாத்தா! அஞ்சு ஆச்சு!

மதிவாணன்: ஆறாவது இருக்குண்ணே. இந்தாங்க.

அம்சம்: இருங்க, இருங்க...

மருதையன்: என்ன அம்சம்? சொல்லேன்...

அம்சம்: பேசாதீங்க. இன்னொரு தடவை கசக்குங்க.

மதிவாணன்: தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடலாம்மா. தப்பில்ல.

அம்சம்: இன்னொரு தடவை.

மதிவாணன்: இந்தாங்க. நல்லாவே மோந்துக்குங்க.

அம்சம்: நீலம். அடிச்சுச் சொல்றேன், நீலம்!

மருதையன்: தம்பி?... தம்பி, வாயத் திறங்க!

மதிவாணன்: நீலந்தாண்ணே.

மருதையன்: அடி சக்க!

மதிவாணன்: பட்டுக்கோட்டையில ஒரு பெரிய இடத்துக்கு இருபது பசந்த் குறைஞ்சுது. நாளைக்கே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அதான் உங்களோடதுல... தப்புதாம்மா.

அம்சம்: பெரிய இடம் அடுத்த மழை வரைக்கும் காத்திருக்கட்டும். எங்களால முடியாது. இருபது நீலத்த இறக்குங்க, இருபது பசந்த ஏத்துங்க. நீங்களேதான் தூக்கணும்.

மதிவாணன்: தூக்குறேம்மா, தூக்குறேன்... பதினெட்டு... பத்தொம்பது... இருபது. போதுமா?

மருதையன்: கயிறு கட்டியாச்சு. ஏறு அம்சம்.

மதிவாணன்: அண்ணே, ஒரு நிமிஷம். வண்டிய எடுத்துடாதீங்க. எங்கப்பாவே ஆறுல ஒண்ணு தப்பவிடுவாரு. ஒரு சுத்துகூட உங்க வீட்டம்மா சறுக்கலையே! எப்படிம்மா?

அம்சம்: சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

மதிவாணன்: தோத்தவனுக்கு என்னம்மா கோவம்?

அம்சம்: முன் பாத்தியில கன்னு பொறுக்குறப்பவே கவனிச்சேன், பசந்த் இலையக் கசக்கினப்பல்லாம் முதல்ல நீங்க ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் எனக்கு நீட்டினீங்க. நீலத்த அப்படியே நீட்டிட்டீங்க. ஆறாவத மூணு தடவை கசக்க வெச்சும் நீங்க மோந்து பாக்கல. அவ்வளவு ஆசை உங்களுக்கு அந்த வாசத்து மேல. அதான் திரும்பிக்கிட்டப்ப விடல.

மதிவாணன்: அட! என் மூஞ்சியவா பாத்தீங்க? இருந்தாலும் வாசமும் ஒரு பக்கம் தெரிஞ்சிருக்கணுமே... இல்லாமலா அவ்வளவு தைரியமா பந்தயம் கட்டுவீங்க?

மருதையன்: சொல்லிடு அம்சம். நான் எதுக்கு அப்படி வேர்த்தேன்னு தம்பிக்குத் தெரியட்டும்.

அம்சம்: வாசமாங்க? கொரோனாவுல செத்த மூக்கு எனக்கு இன்னிய வரைக்கும் உயிர் வரல. பெட்ரோலும் பிச்சிப்பூவும் எனக்கு ஒண்ணுதான். என்னங்க, வண்டிய எடுங்க!