பயத்தமாவில் குழைத்த சீரம்

— லைட்டைப் போடாதே ஸ்மிதா அக்கா! ப்ளீஸ். கண்ணாடி பக்கம் போகவே போகாதே.

— ஏன்டி, என் மூஞ்சிய நான் பாக்கப்படாதா? தள்ளு சீது.

— வேண்டாம்னா வேண்டாம். ஃபோன் வெளிச்சத்துலயே தெரியறது, கன்னம் ரெண்டும் வெந்த பீட்ரூட் மாதிரி இருக்கு. மூக்கோரத்துல தோல் உரிய ஆரம்பிச்சாச்சு. அய்யோ, எந்தா செய்யா! அம்மா என்னைக் கொன்னுடுவா.

— மெதுவா பேசு, அவா எழுந்துக்கப் போறா. இன்னொரு தடவை தண்ணி விடு. சோப்பு வேண்டாம். வெறும் தண்ணி.

— எத்தனை வாட்டி விட்டாச்சு! செவப்பு போகவே மாட்டேங்கறதே. ஐஸ் வெக்கட்டுமா? தயிர்?

— நீ இனிமே என் மூஞ்சில ஒண்ணும் வெக்க வேண்டாம், கேட்டயா? அந்தக் கிண்ணத்துல என்னவெல்லாம் போட்டே? ஒழுங்கா சொல்லு.

— திட்டமாட்டயே?

— சொல்லுடீ.

— பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள். அது அம்மா வெள்ளிக்கிழமை தேச்சுக் குளிக்கறதுதானே, அதுல கொழப்பமில்லை. அப்பறம்... என்னோட வைட்டமின் சி சீரம்.

— அப்பறம்?

— கிளைகாலிக் ஆசிட். ரெட்டினால்.

— எல்லாத்தையும் ஒண்ணாவா?

— ம்.

— சாம்பாருக்குப் பொடி கரைக்கற மாதிரி.

— நான் என்ன பண்ணட்டும்! வீடியோல அந்த சேச்சி கரெக்டாத்தான் சொன்னா. சி காலம்பற. ஆசிட் ஒரு ராத்திரி, ரெட்டினால் வேற ராத்திரி, நடுவுல மூஞ்சிய சும்மா விடணும், ரெண்டையும் சேர்த்துத் தொடவே தொடாதேன்னா. பலன் தெரியவே மாசக்கணக்காகும்னா. எனக்கு ஏது மாசம்? சாயங்காலம் விளக்கேத்திண்டே அம்மா சொல்றா, நாளைக்குக் காலம்பற அந்த அபிஜித்தோட அம்மா உன்னைப் பெண் பாக்க வராளாம். ‘உன் பாட்டிலையெல்லாம் வெச்சு அக்கா மூஞ்சிய நன்னாக்கு’ன்னு என் தலைல கட்டிட்டா. எல்லாம் நல்ல சாமான்தானே, சேர்ந்தா இன்னும் சீக்கிரம் பிடிக்கும்னு நெனச்சேன். அம்மா குளிக்கற பொடியை அப்படித்தானே அரைக்கறா? அஞ்சாறு சாமானை ஒண்ணாப் போட்டு?

— பிடிச்சிருக்கு. நன்னாவே பிடிச்சிருக்கு.

— சிரிக்காதே அக்கா! எனக்கு பயத்துல வெப்ராளமா வரது. அபிஜித் டொராண்டோலேர்ந்து வீடியோ காலில்தானே வரான்? ஃபில்டர் போட்டுடலாம் அல்லே?

— அவனுக்குப் போட்டுடலாம். எதிர்ல உக்காந்து கேசரி சாப்பிடற அவன் அம்மாவுக்கு என்ன போடுவே?

— ஃபவுண்டேஷன் கொஞ்சம் கட்டியா...

— உரிஞ்ச தோல்லயா? போறும்டி உன் வைத்தியம். காலம்பற எழுந்ததும் ஸ்கின் டாக்டர்கிட்ட போறோம்.

— அப்போ அந்த மாமி?

— வர வேண்டாம்னு அப்பா ஃபோன் பண்ணிச் சொல்லட்டும்.

— நீ எப்படி இவ்வளவு சாதாரணமா பேசறே? அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நான் தேச்சப்போ உனக்கு எரியவே இல்லையா?

— எரிஞ்சுது.

— எப்போலேர்ந்து?

— ரெண்டாவது கன்னத்துக்கு நீ வரதுக்கு முன்னாடியே.

— அப்போ ஏன் சொல்லலை? நான் கேட்டேனே! எரியறதா, எரியறதான்னு கேட்டுண்டேதானே இருந்தேன்? ‘ஜில்லுனு இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு’ன்னயே! நான் பாலைக் காய்ச்சி உறை ஊத்திட்டு வரவரைக்கும் அசையாம உக்காந்திருந்தயே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே அலம்பி விட்டிருப்பேனே!

— நீ குழைக்கறதைப் பாத்துண்டுதான் இருந்தேன் சீது. ஆசிட் பாட்டில் பின்னாடி எழுதியிருக்கறதையும் படிச்சேன்.

— படிச்சயா? படிச்சுட்டுமா?

— எனக்கு இந்த சம்பந்தம் வேண்டாம்னு அம்மாகிட்ட சொன்னேன். அப்பாகிட்டயும் சொன்னேன். ‘சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டும்’னா. ‘அவாளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா?’ன்னு கேட்டேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினா.

— அதுக்காக உன் மூஞ்சியவா பொசுக்கிப்பே?

— செவக்கும்னு மட்டும்தான் நெனச்சேன். உரியும்னு தெரியாது. அழாதே.

— அழாம? இத்தனை நேரம் நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன்னு செத்துண்டிருந்தேன். என் கையை வெச்சு நீ பண்ணிண்டிருக்கே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே? நான் எப்போவாவது உன்னைக் காட்டிக் குடுத்திருக்கேனா?

— அதனாலதான் இப்போ கேக்கறேன். நான் வேணும்னேதான் பண்ணிண்டேன்னு அம்மா அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரமே வேற ஒருத்தனைக் கொண்டு நிறுத்துவா. காலம்பற அம்மா உன்னைத்தான் பிடிச்சு உலுக்குவா. அடிப்பா. உன் ஃபோனைப் பிடுங்கிப்பா, அக்கா வாழ்க்கையைக் கெடுத்தவள்னு வரவா போறவா கிட்டல்லாம் சொல்லுவா. எனக்காக வாயைத் திறக்காம, மிண்டாம நின்னுப்பயா சீது?