வீடு நிற்கும் இடம்

— இன்னொரு தடவை படிங்க, வக்கீலம்மா. நிதானமா.

— “இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, மார்ச் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை, நிலத்தை வாங்க வந்தவர், கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் ஷுவாசல் கிராமத்தில், அங்கே குடியிருந்த பெர்பெத்துவாவிடம் ‘இந்த நிலம் யாருடையது?’ என்று கேட்டார். ‘என் அண்ணன் அன்செல்முடையது’ என்று அவர் பதில் சொன்னார்.” அப்பீல் கோர்ட்டுல இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்கக்கா.

— லண்டன்லேர்ந்து வந்த அண்ணன் பக்கத்துல நிக்கிறான். வெளியாள் முன்னாடி, அவன் முகத்துக்கு நேரா என்னோடதுன்னு சொல்வேனா? குடும்ப நிலம் அது. தங்கச்சி எர்மின் நின்னிருந்தா, எர்மினோடதுன்னு சொல்லியிருப்பேன்.

— பட்டா அவர் பேருல மட்டும் இருக்கே. அதை வெச்சுத்தானே வித்துட்டார்.

— சர்க்கார் ஆளுங்க அளக்க வந்தப்ப, அம்மாதான் அவன் பேரைக் குடுத்தாங்க. தூரத்துல இருக்கறவன் விட்டுப்போயிடக் கூடாதாம்.

— பட்டா யார் பேருல இருந்தாலும், குடியிருக்கறவங்க உரிமை நிக்கும். சட்டமே சொல்லுது. ஆனா கூடவே ஒரு வரி: வாங்கறவர் கேட்டும் அவங்க அதைச் சொல்லலைன்னா, போச்சு. அவர் கேட்டார். நீங்க சொல்லல.

— அந்தக் கூரை ஒழுகறப்பல்லாம் பாத்திரம் வெச்சவ நான். அதை யாரும் கேக்கலையா?

— கீழ்க்கோர்ட்டுல அதைச் சொல்லித்தான் ஜெயிச்சோம்.

— மேல மூணு நீதிபதி. மூணு பேரும் சேர்ந்து ஒரே ஒரு வரிதான் படிச்சாங்களாக்கும்.

— அதுக்கு மேல போனாலும் அதே வரிதாங்கா இருக்கும். வாங்கினவர் ஒரு வழி சொல்றார். வீடு நிக்கிற இடத்தை மட்டும் விட்டுத் தர்றாராம். இதுல கையெழுத்துப் போடணும்.

— என்ன எழுதியிருக்கு?

— “இந்த இடம் எனக்கு மட்டுமே சொந்தம். என் குடும்பத்தில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை.” நாளைக்கு உங்க ஆளுங்க யாரும் அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாதுன்னு கேக்கறார்.

— அப்ப எர்மின் வந்தா?

— உங்க விருந்தாளி.

— பிறந்த வீட்டுலயேவா?

— நீங்க வான்னு சொன்னாதான் வரலாம்.

— போடலேன்னா?

— மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்.

— அன்செல்ம் விக்கிறப்ப போட்ட கையெழுத்து, அதுவும் இப்படி ஒரு காகிதத்துலதானா?

— கிட்டத்தட்ட இதே வாசகம்தாங்கா.

— அவனை நான் திட்டாத நாளில்ல... பேனாவைக் குடுங்க.

— இங்க. இன்னொண்ணு, கீழே. ஆச்சு. அப்பீல்ல நாம தோத்தாச்சு. நிலம் வாங்கினவருக்கு. வீடு நிக்கிற இடம் உங்களுக்கு. அன்செல்முக்கும் எர்மினுக்கும், அவங்க பிள்ளைங்களுக்கும், இனிமே அதுல ஒண்ணும் கிடையாது.