வேலி தாண்டிப் பறித்த மல்லிகை

தலைமைப் பீடத்தில் வீற்றிருந்து, என்னை எப்போது உட்காரச் சொல்லலாம் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட என் அருமை அண்ணன், வடமதுரைக்கு வாய்த்த வேளாண் செல்வர் பெருமாள்சாமி அவர்களே! வாசகர் வட்டத்தை வளர்த்தெடுத்த வாஞ்சைமிகு சான்றோர்களே! தோட்டத்தில் கைகால் கழுவிய ஈரம் காயும் முன்னே வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா என்று இந்த நொடியில் யோசிக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் இருந்துகொண்டு, பதினைந்தே நிமிடம் என்று விரலை விரித்துக் காட்டும் என் இல்லத்து எசமானி சைதூன் அவர்களே! திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் முப்பது ஆண்டுகளாய்த் தராசு பிடிக்கும் சேக் பரீதாகிய நான், உங்கள் அனைவரையும் அன்பொழுக வணங்குகிறேன்.

ஒரு நாடு படையோடு புகுந்து இன்னொரு நாட்டின் நிலத்தைப் பிடித்துக்கொண்டால், மற்ற நாடுகள் என்ன செய்ய வேண்டும்? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நம் செயலாளர், கல்லூரி மாணவி ஜீவிதா கடைக்கு வந்து சொன்னபோது, "ஏம்மா, பூ எடை போடுறவன்கிட்ட வந்து படையப் பத்திப் பேசச் சொல்றியே, நியாயமா?" என்று கேட்டேன். "டெய்லி டிவிய அம்புட்டுச் சத்தமா வச்சு, நியூஸ்காரனோட நீங்களும் சேந்து கத்துறீங்கள்ல, அத இங்க வந்து கத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது அந்தப் பிள்ளை. சிரிக்காதீர்கள். உண்மையைத்தான் சொன்னது.

எந்த நாடு என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் இங்கேயே நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, டீ வருவதற்குள் நாற்காலி பறக்கும். ஆகவே உலக வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, வடமதுரைப் பக்கம் முப்பது சென்ட் மல்லிகைத் தோட்டத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அது ஒச்சம்மாளின் தோட்டம். அதோ, தூணோரமாய் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தத் தங்கச்சிதான். எழுந்திரிக்க வேண்டாம் தாயி, உட்காரு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகாசி மாதம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். வீட்டில் இவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டும். ஒரு காலையில் பக்கத்துத் தோட்டக்காரர் டிராக்டரோடும் பத்து ஆட்களோடும் வந்தார். சர்வே கல்லைப் பிடுங்கினார். முள்கம்பியை இழுத்துக் கட்டினார். "அந்தக் காலத்துலயே இது எங்க நெலம்தான்" என்றார். உலகத்தில் எந்தப் படையெடுப்பாவது வேறு வசனம் பேசியிருக்கிறதா? எல்லை தாண்டியவன் எவனாவது, ஐயா நான் திருட வந்தேன் என்று சொல்லியிருக்கிறானா? எல்லோருக்கும் ஒரு பழங்கதை உண்டு, எல்லோரிடமும் ஒரு பழைய பத்திரம் உண்டு.

ஒச்சம்மாள் ஊருக்குள் ஓடினாள். முதல் வீட்டுக்காரர், "கேக்கவே கஸ்டமா இருக்குத்தா" என்றார். கவனியுங்கள், கவலை தெரிவித்துவிட்டார்! இரண்டாம் வீட்டுக்காரர், "நமக்கெதுக்குப்பா வம்பு, அவரு ஆள்பலம் உள்ளவரு" என்று கதவைச் சாத்தினார். மூன்றாமவர்தான் மகா ராஜதந்திரி. "ரெண்டு பேரும் விட்டுக்குடுங்க, ஆளுக்குப் பாதியா வச்சுக்கங்க" என்றார். அடடா! பறித்தவருக்கும் பாதி, பறிகொடுத்தவளுக்கும் பாதி. இதற்குப் பெயர் நடுநிலையா? சமாதானமா? தன் நிலத்தில் பாதியை இழப்பதற்கு அவள் எதற்காகப் பஞ்சாயத்துக்கு வர வேண்டும்?

இதுவரை ஊராரைக் குறை சொன்னேன். நீங்களும் ரசித்துத் தலையாட்டினீர்கள். இப்போது சேக் பரீதுக்கு வருகிறேன்.

என் தொழிலில் ஒன்று உண்டு. எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் எத்தனை கிலோ பூக்கும் என்று கமிஷன் கடைக்காரனுக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கும்போதே தெரியும். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் வைகாசியில் நாலு கிலோ கொண்டு வருபவர். வேலி போட்ட மறுநாள் ஒன்பது கிலோ கொண்டு வந்தார். தினமும் என் கடைக்கே பூ கொண்டு வரும் ஒச்சம்மாள் அதே காலையில் வரவில்லை. அவளுடைய ஐந்து கிலோ எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முகூர்த்தக் காலம். மாலைக் கடைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். நான் கேட்கவில்லை. எடை போட்டேன். மறுநாளும் போட்டேன். எட்டு நாள் போட்டேன், பெரியோர்களே! எனக்கும் தேவை இருக்கிறது, என் ஜனத்துக்கும் பூ வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டேன். இன்று பெரிய பெரிய நாடுகள் பிடிபட்ட மண்ணின் சரக்கை வாங்கிக்கொண்டு இதையே சொல்லும்போது, டிவியைப் பார்த்து நான் கத்துகிறேன்.

அந்த எட்டாம் நாள் ஒச்சம்மாள் கடைக்கு வந்தாள். "பாய், பூத் தொடுக்க ஆள் வேணுமா?" என்றாள். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "வாம்மா, ஒக்காரு" என்று ஒரு குவியலை அவள் முன்னால் கொட்டினாள். எந்தக் குவியலை? வேலி தாண்டிப் பறித்த மல்லிகையை! அவளுடைய பூவை அவள் கையிலேயே கூலிக்குத் தொடுக்கக் கொடுத்தது என் கடை. அவள் தொடுத்தாள். தலை நிமிராமல் மத்தியானம் வரை தொடுத்துவிட்டுப் போனாள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி தம்பி பிரிட்டோ.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது சைதூனிடம் உண்மையைச் சொன்னேன். சோற்றுக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, நாளைக்கும் அந்தப் பூவ எடை போடுவீங்களா?" என்றாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அவர் ஒன்பது கிலோவோடு வந்தார். "மாமா, உங்க தோட்டத்து நாலு கிலோவத் தாங்க, தலைமேல வச்சு வாங்கிக்கிறேன். இந்த அஞ்சுக்கு என் தராசு ஏறாது. வேலியப் பிரிச்சிட்டு வாங்க, டீ சாப்பிடுவோம்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பத்தாண்டுப் பழக்கம் அந்த நிமிடத்தில் முறிந்தது போல நின்றார். அடுத்த கடைக்குப் போனார். அடுத்த கடைக்காரர் வாங்கிவிட்டார். நான் ஒருவன் நிறுத்தி என்ன பயன்? கடை கடையாய் ஏறினேன். கெஞ்சினேன், கோபித்தேன், ஒருவர் காலைத் தொடாத குறை. நான்காம் நாள் மார்க்கெட்டில் ஒரு தராசும் அந்த ஐந்து கிலோவுக்கு அசையவில்லை. விற்காத பூ வெயிலில் பழுத்துப் போயிற்று. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தியவர்களுக்கும் தைரியம் வந்தது. ஒருவர் சர்வேயரை அழைத்து வந்தார், இன்னொருவர் கல் எங்கே இருந்தது என்று சாட்சி சொன்னார். வேலி அகன்றது.

என்ன பிரிட்டோ, கையைத் தூக்குகிறாய்? கேள்.

"அண்ணே, அவருகிட்ட டிராக்டரு மட்டுந்தான் இருந்துச்சு. நாட்டுக்காரன்கிட்ட அணுகுண்டுல்ல இருக்கு?"

கேட்டானே ஒரு கேள்வி! இதை மழுப்ப மாட்டேன். குண்டு வைத்திருப்பவனைத் தனியாக எதிர்த்து நிற்கச் சின்ன நாட்டால் முடியாது. அதனால்தான் அதைத் தனியாக விடக்கூடாது என்கிறேன். தற்காத்துக்கொள்ளக் கருவி கேட்டால் கொடுங்கள். தப்பி வரும் தாய்க்கும் பிள்ளைக்கும் வீடு கொடுங்கள். இந்த மண் இன்னாருடையது என்று முதல் நாளே உரக்கச் சொல்லுங்கள். பிடுங்கிய சரக்கைத் தொடாதீர்கள். அதில் உங்களுக்கும் நட்டம் வரும், எனக்கும் வந்தது, தாங்கிக்கொள்ளுங்கள். அத்தனையும் செய்யும்போதே பேச்சுவார்த்தைக்கு ஒரு நாற்காலியைப் போட்டு வையுங்கள். படையெடுத்த நாட்டு மக்களை வெறுக்காதீர்கள். படையை அனுப்பியது அரண்மனை, பிள்ளையை அனுப்பியது ஏதோ ஒரு ஏழைத் தாய். அந்தத் தோட்டக்காரர் இன்றைக்கும் என் கடைக்குத்தான் பூ கொண்டு வருகிறார், அவர் பேத்தி காதுகுத்துக்கு நானும் சைதூனும் போய் வந்தோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் என் பேச்சு பொய்யாகிவிடும். நிலம் திரும்பியது. மல்லிகைச் செடி திரும்பவில்லை. டிராக்டர் போக வர வழி வேண்டுமென்று நடுவில் மூன்று வரிசையை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். முதல் நாள் நான் தராசை நிறுத்தியிருந்தால் அந்த மூன்று வரிசை பிழைத்திருக்கும். நான் எடை போட்ட எட்டு நாளில் போனவை அவை.

ஒச்சம்மா! தங்கச்சி! இதை உன்னிடம் இன்று வரை நான் சொல்லவில்லை. அன்று நீ தொடுத்தது உன் பூ. தெரிந்தே வாங்கினேன். இந்த அவை அறிய உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னம்மா? கேட்கவில்லை. ஜீவிதா, மைக்கை அங்கே கொடு.

"எம் பூவு எனக்குத் தெரியாதா பாய்? குவிச்சுப் போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. வீட்டுல ரெண்டு புள்ளைக பசியா கெடந்துச்சுக, அதான் தொடுத்தேன். மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நாளப்பின்ன என்னயப் போல எவளாச்சும் வந்து நின்னா, அன்னைக்கே கேளுங்க. நீங்க கேப்பீகன்னு எட்டு நாளும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பெரியோர்களே, தாய்மார்களே! இதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இந்த நிமிடம் ஒரு நாடு இப்படித்தான் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், உண்மையைச் சொன்ன என் தங்கச்சிக்கும் நன்றி. அனைவர்க்கும் அமைதி உண்டாகட்டும். வணக்கம்.