செங்கோடன் வளர்த்த கூந்தல்

– தலையை ஆட்டாதே செங்கோடா, வெந்தயம் கண்ணுல எறங்கிப்போடும்.

– கழுத்து வலிக்குதுங்க பாலுண்ணா. கோயில்ல சாமிக்குக்கூட இத்தனை அபிசேகம் கெடையாதுங்க. காலையில வெளக்கெண்ணெய், அப்பறம் கத்தாழை, இப்ப வெந்தயமும் செம்பருத்தி எலையும். இன்னும் என்னங்ணா பாக்கி?

– தேங்காய்ப்பால் இருக்குது கண்ணு. அதைத் தடவி, சுடுதண்ணியில நனைச்சுப் புழிஞ்ச துண்டைச் சுத்தி ஒரு நாழி உட்டாத்தான் சத்து முடிக்குள்ள எறங்கும். மேலால தடவிக் கழுவினா மினுமினுப்பு வரும், மெத்துன்னு ஆகாது.

– மெத்துன்னு இருக்குதா, வெறப்பா இருக்குதான்னு நாடகம் பாக்கறவனுக்குத் தெரியுமாக்கும்?

– நாடகத்துல தெரியாது. இது டாக்கி, பேசற படம். காமிராவை மூஞ்சிக்குக் கிட்டக் கொண்டாந்து வெச்சுப்போடறாங்க. டோப்பா வெச்சா பொய்முடின்னு அப்பட்டமாத் தெரியுது. காத்துல அலைஞ்சா பட்டு அலையறாப்புல இருக்கோணும்.

– நெனைச்சா எனக்கே நம்ப முடியலீங்ணா. பன்னெண்டு வயசுல வெள்ளகோயில்ல ஊட்டை உட்டு ஓடியாந்து இந்த நாடகக் கம்பெனியில சேந்தவன். பத்து வருசமா ராணி வேசம். வர்ற வெள்ளிக்கெழமை ஸ்டுடியோவுல கதாநாயகி! வசனம் பூராத்தையும் படிச்சுப்போட்டேன். மைக்குக்காவ மெதுவாப் பேசவும் பழகிட்டேன். ஒண்ணு சொல்லிக் காட்டட்டுங்களா?

– அப்பறம் சொல்லு. கொஞ்சம் நிமுந்து உக்காரு, நாடா புடிச்சுப் பாத்துக்கறேன்.

– அளவு எதுக்குங்ணா?

– சும்மாத்தான். முப்பத்தொம்பது அங்குலம்... நெம்ப நல்லா வந்திருக்குது.

– மாசி மாசம் நுனியெல்லாம் பொளந்து தேங்காய் நாராட்டக் கெடந்துச்சு. இப்பப் பாருங்க, சீப்பு வெச்சா நிக்க மாட்டேங்குது, வழுக்கிட்டு ஓடுது. கடைவீதியில நடந்தா பசங்க பின்னாலயே வந்து கேலி பேசறாங்க. பேசட்டும், படம் வந்தாத் தெரியும்னு போயிட்டே இருக்கறேன்.

– சீயக்காயை நிறுத்திப்போட்டு அரப்புக்கு மாத்துனமே, அதுதான்.

– அரப்பு இல்லீங்ணா, உங்க கை. ஒரு ஞாயித்துக்கெழமை தப்பியிருக்குதுங்களா? ஆனியில எங்க மாமன் தன் பொண்ணு மயிலாத்தாளை எனக்குக் கட்டித்தர முடியாதுன்னு சொல்லியுட்டப்ப, ரெண்டு நாளாச் சோறு திங்காமக் கெடந்தேன். நீங்கதான் இதே கெணத்தடியில இழுத்தாந்து உக்கார வெச்சுத் தலைக்கு ஊத்திவுட்டீங்க. சாகற வரைக்கும் அதை மறப்பனுங்களா?

– அதெல்லாம் இப்ப எதுக்கு? கண்ணை மூடிக்க, பால் ஊத்தறேன்.

– ஏமய்யா பாலுசாமி! உன்னை ஊரெல்லாம் தேடறேன், நீ இங்க கெணத்தடியிலயா இருக்கறே?

– வாங்க வேங்கடசாமி நாயுடு. நீங்க எதுக்கு ஸ்டுடியோவுலேருந்து இம்புட்டுத் தூரம்? நானே அங்க வாரனே. நடங்க, வாசப்பக்கம் போயிப் பேசலாம்.

– வாசப்பக்கம் போயிப் பேச என்ன ரகசியம் இருக்குது? மெட்ராஸ்லேருந்து அந்த அம்மா வந்து எறங்கிட்டாங்க. காய்ச்சல்ல கொட்டுன முடி இன்னும் காதைக்கூடத் தாண்டலை. டைரெக்டர் தலையில கையை வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. டோப்பாவை எப்பக் கட்டி முடிப்பேன்னு கேட்டு வரச் சொன்னாரு. இதுதானே அந்த முடி? அடேங்கப்பா! தம்பி, உனக்குப் பெரிய மனசுப்பா.

– எந்த அம்மாங்க? என்ன டோப்பாங்க?

– கதாநாயகி அம்மாதான் தம்பி. மாசியிலயே பேசுன பேச்சாச்சே! நெச முடியில டோப்பா கட்டிக் குடுத்தா, மேக்கப் அறையில நிரந்தரமா வேலைன்னு... ஏன் பாலுசாமி, தம்பிகிட்ட நீ சொல்லலையா? சரி சரி, நீங்க பேசுங்க. நான் கார்ல உக்காந்திருக்கறேன்.

– பாலுண்ணா.

– துண்டை அவுக்காதே கண்ணு. ஆறிப்போயிரும்.

– பாலுண்ணா, நாயுடு சொல்றது பொய்யின்னு சொல்லுங்க.

– மொதல்ல உன்னைப் போடறதாத்தான் பேச்சு இருந்துச்சு...

– எப்ப இருந்துச்சுங்க? மாசியில பேசுனதுங்கறாரு. அந்த மாசியிலதானே நீங்க மொதமொதல்ல எனக்குத் தேங்காய்ப்பால் புழிஞ்சீங்க!

– தையோட நாடகக் கம்பெனியைக் கலைக்கப் போறாங்க, செங்கோடா. பொம்பளை வேசத்துக்குப் பொம்பளைகளே வந்துபோட்டாங்க. நீ சின்னப் பையன், பொளைச்சுக்குவே. அம்பது வயசுல நான் எங்க போவேன்? டோப்பாக் கட்டறதைத் தவுத்து எனக்கு என்ன தெரியும்? நெச முடி கொண்டாந்தா வேலை, இல்லாட்டி இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க.

– எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே.

– கேட்டிருந்தாக் குடுத்திருப்பயா?

– தெரியலீங்க. ஆனா நீங்க கேட்டிருக்கோணும். எட்டு மாசம் என்ற தலையை மடியில வெச்சுட்டு, நீதான் நாயகி, நீதான் நாயகின்னு காதுல ஓதிட்டே இருந்தீங்க. கண்ணாடியைப் பாத்து நான் தனியாச் சிரிச்சதையெல்லாம் பின்னால நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க? அப்ப உங்களுக்குள்ள ஒண்ணுமே பண்ணலீங்களா?

– பண்ணுச்சு கண்ணு. பண்ணாம இருக்குமா?

– பண்ணியும் அடுத்த ஞாயித்துக்கெழமை தேங்காயைத் துருவிட்டு வந்தீங்க.

– கத்திரியை எதுக்கு எடுக்கறே? கீழ வெய்யி செங்கோடா. கண்டமேனிக்கு வெட்டிப்போடாதே! தலையோட ஒட்டத்தான் எடுக்கோணும், இல்லாட்டி நீளம் போயிரும்...

– இப்பவும் உங்களுக்கு நீளந்தானுங்க கவலை.

– கையெடுத்துக் கும்புடறேன். வேணும்னா கால்லயும் உளுகறேன்.

– உளுவாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெசத்தைச் சொன்னீங்கன்னா நானே தலையைக் குனியறேன், முழுசா எடுத்துக்குங்க. பொய் சொன்னீங்கன்னா துண்டு துண்டாத்தான் பொறுக்கோணும்.

– கேளு.

– ஓடிப்போனவன் போயி நின்னா மரியாதையா இருக்காதுன்னு சொல்லி என்னை நிறுத்திப்போட்டு, மாமனூட்டுக்குப் பொண்ணுக் கேக்க நீங்கதான் போனீங்க. திரும்பி வந்து, கூத்தாடிக்குப் பொண்ணு கெடையாதுன்னு மாமன் சொன்னதாச் சொன்னீங்க. நானும் நம்புனேன். ஆவணியில அந்தப் புள்ளையைக் காங்கயத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. அன்னைக்கு மாமன் நெசமாலும் என்ன சொன்னாருங்க?

– அது முடிஞ்சுபோன கதை. இப்பக் கெளறி என்ன ஆகப்போகுது?

– இவ்வளவு பண்ணுனவரு அதுல மட்டும் நெசம் பேசியிருப்பீங்களான்னு இப்பத்தானுங்க தோணுது. என்ற மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

– கத்திரியைக் குடுத்துப்போடு, சொல்றேன்.

– சொல்லுங்க. அப்பறம் குடுக்கறேன்.

– கூத்தாடியா இருந்தா என்னங்க, நம்ம பையன்தானேன்னுதான் உங்க மாமன் சொன்னாரு. அந்த முடியை மட்டும் எடுத்துப்போட்டு வரச் சொல்லுங்க, ஆவணியிலயே முகூர்த்தம் வெச்சுப்போடலாம்னாரு. நான் கெளம்பறப்ப மயிலாத்தா வாசல் வரைக்கும் ஓடியாந்து, மறக்காமச் சொல்லிப்போடுங்க, மறக்காமச் சொல்லிப்போடுங்கன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு கண்ணு.