பலகைக்குப் பின்னால் சுருட்டி வைத்த சரம்

கடைத்தெருவில் பல்பு அண்ணன் என்றால்தான் என்னைத் தெரியும். வயது நாற்பத்து மூன்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில், கதவு எண் பதினான்கு, மாடிப் பகுதியில் குடியிருக்கிறேன். விடுமுறைக் காலத்தில் கடைகளுக்கு அலங்கார விளக்கு போடுவது தொழில். வயரிங் என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் நிறமும் ஓட்டமும் அமைப்பது என் தங்கை கணவர். நேற்று இந்தக் காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். இன்று நானாகவே வந்து இதைக் கொடுக்கிறேன்.

துணிக்கடையின் கண்ணாடி முகப்புக்குள் ஒரு நட்சத்திரம் அமைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். போன வருடம் மொட்டை மாடியில் போட்ட பெரிய நட்சத்திரத்தின் பிக்சல் சரத்தையே, அதாவது ஒவ்வொரு பல்புக்கும் கம்ப்யூட்டர் தனித்தனியாக நிறம் அனுப்பும் சரத்தையே, கொண்டுபோனேன். இது சிறியது என்பதால் நூற்றுப்பத்து பல்பு மிஞ்சியது. வெட்டினால் ஈரம் ஏறும் என்று நான் சரத்தை வெட்டுவதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. மிஞ்சியதை இறுக்கிச் சுருட்டி, டேப் சுற்றி, நட்சத்திரம் மாட்டிய பலகைக்குப் பின்னால் ஸ்பாஞ்சோடு செருகி, இருபத்தெட்டு திருகாணி போட்டு மூடினேன். நிறம் அனுப்பாவிட்டால் அவை இருட்டாகவே கிடக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். சுருட்டிய சரத்தை எரியவிடக் கூடாது, சூடு வெளியேற வழி இருக்காது என்று மாப்பிள்ளை முதல் வருடத்திலிருந்தே சொல்லி வருபவர். அவரைச் சூட்டு வாத்தியார் என்று கேலி செய்வேன். அதனால் அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை மாலை சோதனைக்காகப் பத்து நிமிடம் எல்லாவற்றையும் வெள்ளையில் எரியவிட்டோம். சோதனையில் மறைந்து கிடக்கும் பல்பும் சேர்ந்தே எரியும். முகப்பில் பொம்மைகளுக்கு உடை மாட்டும் பெண்மணியைப் பொம்மை அக்கா என்போம். பலகையில் சாய்ந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "தம்பி, முதுகு சுடுது, கழட்டிப் பாரு" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

அதன் பிறகு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, விளம்பரப் படம் எடுக்க வேண்டும், முழு வெள்ளையில் போடுங்கள் என்று மேலாளர் அவசரப்படுத்தினார். அப்படிப் போட்டால் சோதனையைப் போலவே எல்லா பல்பும் எரியும். வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு மேல் மாப்பிள்ளை ஏற்ற மாட்டார். "மச்சான், எல்லா பல்பும் வெளியதானே இருக்கு?" என்று கேட்டார். ஆமாம், ஏற்றுங்கள் என்றேன். பொம்மை அக்காவும் அந்தப் பலகையைப் பார்த்தாயா என்று கேட்டார். "கை வெச்சுப் பாத்துட்டேன்க்கா, ஜில்லுனு இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முகப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிப் பொம்மைக்கு உடை மாட்டித் தொப்பி வைக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு, படம் எடுப்பவர் கேமராவைச் சரிசெய்து முடிப்பதற்குள் நாற்பது நிமிடம் எரிந்தது. பிளாஸ்டிக் தீயும் நாற்றம் முதலில் எனக்குத்தான் வந்தது. புதுப் பெயின்ட் என்று மேலாளரிடம் சொன்னேன். அதன் பிறகு நட்சத்திரத்தின் கீழ்முனை மட்டும் சிவந்து நடுங்கியது. அப்போதும் அணைக்கச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதன் பிறகு பலகை கறுத்தது, ஸ்பாஞ்சு பற்றிக்கொண்டது. தீ கதவுப் பக்கம் என்பதால் பொம்மை அக்கா உள்ளே மாட்டிக்கொண்டார். புகைக்குள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகள் மட்டும் கண்ணாடியில் தெரிந்தன. மாப்பிள்ளைதான் நாற்காலியால் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சரத்தைச் சுருட்டி வைத்தது மாப்பிள்ளை என்று நேற்று இங்கே அவர் தலையில் கட்டினேன். அவரை உள்ளே வைத்தீர்கள். இன்று காலை அவருக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்த என் தங்கை, எழுத்தர் மேசையில் கிடந்த கருகிய சுருளையும் அதில் எரியாமல் மிஞ்சிய டேப்பையும் பார்த்தாள். டேப்பின் நுனியை நகத்துக்குச் சிக்கும்படி உள்ளே மடித்து ஒட்டுவது என் பழக்கம். அவள் பள்ளி நோட்டுக்கெல்லாம் நான்தான் அப்படி மடித்து அட்டை போட்டுக் கொடுப்பேன். "அண்ணே, இது உன் மடிப்பு" என்றாள். எனக்குக் கூசிப்போயிற்று.

இங்கே எழுதியிருப்பது உண்மை, நேற்று நான் சொன்னது பொய். வாசித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொள்கிறேன். பொம்மை அக்காவுக்கு இரண்டு கைகளிலும் தீப்புண் என்பதால் அவரிடம் கைரேகைகூட வாங்க முடியவில்லை என்று சொன்னார்கள். என் கைகளில் காயம் எதுவும் இல்லை. நானே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)