மச்சானின் மேலுதடு

கடையில் விற்கும் ஷேவிங் சோப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. நன்றாகத்தான் நுரைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் மனிதனுக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது. சிலர் சீட்டாடுகிறார்கள், சிலர் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கிறார்கள். நான் சோப்பு காய்ச்சினேன். யாருக்கும் கெடுதல் நினைத்து நான் அடுப்பைப் பற்றவைத்ததே கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ச்சுவது பெரிய வித்தை இல்லை. எண்ணெய், கொழுப்பு, காரம், கொஞ்சம் பொறுமை. வாசனை சேர்ப்பதுதான் உயிரை வாங்கும். கொதிக்கும்போது ஊற்றினால் வாசனை எல்லாம் சமையலறைக்குப் போய்விடும், சோப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆறிய பிறகு ஊற்றினால் சோப்பு கட்டிதட்டி, வாசனை எண்ணெய் மேலே தனியாக மிதக்கும். பாத்திரத்தில் உள்ளங்கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளத் தோன்றக் கூடாது. அதுதான் பதம். நான் அதைக் கற்றுக்கொள்வதற்குள் என் மனைவி அடுப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குக் குடிபோய்விட்டாள். பொறுமைசாலி. அதோ உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்தான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டிலில் ஒரு வாசனை, சோப்பில் ஒரு வாசனை, வெந்நீர் பட்டு நுரையாகித் தோலில் உட்கார்ந்தால் வேறொரு வாசனை. தோலில் போட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. என் முகத்தில் காலையில் ஒரு தடவைதான் மழிக்க முடியும். அதனால் மார்பை மழித்தேன். பிறகு கை, கால். பக்கத்து வீட்டுப் பூனையை நான் மொட்டையடித்தேன் என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்வது அபாண்டம். ஒரே ஒரு காலை மட்டும்தான். அது முகம் சுளித்ததும் நிறுத்திவிட்டேன்.

முகர்ந்து முகர்ந்து என் மூக்கு மரத்துப்போனதும் அடுத்தவர் கருத்து தேவைப்பட்டது. அலுவலகத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கட்டி கொடுத்தேன். எல்லாரும் "சூப்பர் சார், கமகமன்னு இருக்கு" என்றார்கள். கிராம்பு எண்ணெய் தூக்கலாகி முகம் பழுத்த தக்காளியாய் நின்ற ஸ்டோர் கீப்பர்கூட அப்படித்தான் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒருநாள் பார்க்கிறேன், கேஷியர் அம்மா என் எலுமிச்சை சோப்பை மேசை டிராயரின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "இதைத் தடவினா வழுக்கிட்டுத் திறக்குது சார்" என்றார், சந்தோஷமாக. நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளலாம். எனக்கு வெட்கம் இல்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மரியாதை தெரிந்தவர்களிடம் வாசனையைப் பற்றிக் கேட்கவே கூடாது. முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிற ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவன்தான் இருந்தான். என் மனைவியின் தம்பி.

எங்கள் வீட்டு முன் அறையில்தான் இருக்கிறான். தட்டில் போட்டதும் "அக்கா, உப்பு இல்ல, வாயில வைக்க முடியல" என்பான். என் புதுச் சட்டையைப் பார்த்து "திரைச்சீலை மிச்சம் ஆயிடுச்சா அத்தான்?" என்று கேட்டவன். தங்கமான பையன். ஒரு பெரிய ஓட்டலின் வாசலில் நின்று கதவு திறந்துவிடுவது அவன் வேலை. அந்த வேலைக்கு அவனை எடுத்ததே மீசையைப் பார்த்துத்தான். இரண்டு பக்கமும் காதுவரை போய் மேலே சுருளும். வருகிறவர்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த திங்கட்கிழமை அவனைப் படம் பிடித்து ஓட்டலின் உச்சியில் பெரிய பலகையாக வைப்பதாக இருந்தார்கள். அது நடந்தால் சம்பளம் கூடும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று அக்காவும் தம்பியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

நான் முறையாகக் கேட்டேன். "ஒரே ஒரு தடவை போட்டுப் பாரேன்டா. சந்தனம், மேலாக ரோஜா."

"கன்னத்துல வேணா போடுங்க அத்தான். மீசைப் பக்கம் வந்தீங்க, நடக்கறதே வேற."

கன்னத்தில் போட்டு என்ன பயன்? ஒரு வாசனையின் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால் அது மூக்குக்கு நேர் கீழே, மேலுதட்டில் இருக்க வேண்டும். இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான மூக்குக்குக் கீழே ஒரு காடு வளர்ந்து கிடந்தது. இந்தச் சங்கடத்தைக் கொஞ்சம் என் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சாப்பிட்டு, ஏதோ ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோபாவில் வாயைப் பிளந்து தூங்கினான். நான் வெந்நீரும் பிரஷ்ஷும் எடுத்து வந்தேன். நுரையை வைத்து முகரக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனால் நுரை மயிரிலேயே நின்றுவிட்டது, தோலுக்கு இறங்கவில்லை. இடது ஓரத்தில் கொஞ்சம்போல எடுத்தேன். எடுத்ததும் வலது பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். அவன் மானம் வேறு, என் மானம் வேறா? வலதில் கொஞ்சம் எடுத்தேன். இப்போது இடது நீளம். இப்படி நியாயம் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் மூக்குத் துவாரத்தடியில் வந்து சேர்ந்தன. மிச்சம் இருந்ததை மீசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதையும் எடுத்துவிட்டேன். கத்தியைக் காலையிலேயே தீட்டி வைத்திருந்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். மொட்டைக் கத்தியால் ஒருவனை மழிப்பது பாவம்.

பிறகு அந்தப் புத்தம்புது உதட்டில் நுரையை இதமாகப் பரப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

"என்ன அத்தான், மூஞ்சில காத்து அடிக்குது?" என்று எழுந்தான்.

"வாசனை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் கை வழக்கம்போல முறுக்கப் போயிற்று. முறுக்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கன்னத்தில் தேடினான், காதோரம் தேடினான், கடைசியில் மடியில் கிடந்ததைப் பார்த்தான். அந்த அலறலுக்குப் பக்கத்து வீட்டுப் பூனை மழித்த காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் மாடியேறிவிட்டது.

திங்கட்கிழமை ஓட்டலில் அவனை உள்ளே விடவில்லையாம். கூட வேலை செய்கிறவனே "யாருங்க, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறான். பலகைக்கு வேறொருவன் படம் போகிறது. இவனை வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சும் நின்றுவிட்டது. வருத்தமாகத்தான் இருக்கிறது. செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஒன்று, ஐயா. அன்று அவன் என்னைத் திட்டியது தெருவே கேட்டது. என் வழுக்கை, என் சம்பளம், என் குறட்டை, என்னைப் பெற்றவர்கள், ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன். அவ்வளவு கோபத்திலும் வாசனையைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

என்ன சொல்கிறாள் அவள்? "அவனுக்கு ஒரு வாரமா ஜலதோஷம் சார். மூக்கு அடைச்சு, காபி எது மண்ணெண்ணெய் எதுன்னே தெரியாம கிடந்தான்" என்கிறாளா?

அதை எழுத வேண்டாம், ஐயா. தம்பி விஷயம் என்றால் அவள் எதையாவது சொல்வாள்.